தெம்பனிஸ் தோட்டத்தில் மருதாணி பூசிய எலிகள்

“நேத்துப் பிடிச்ச எலியும் இன்னைக்குப் பிடிச்சதும் ஒண்ணா வேறயான்னு எப்படி சார் தெரியும்?”

1962 டிசம்பர் விடுமுறையில், தெம்பனிஸ் தென்னந்தோட்டக் காவலாளி முனியாண்டி என்னிடம் இப்படிக் கேட்டார். உயிரியல் படித்துக்கொண்டிருந்த நண்பன் சிவபாலன், அங்கே எத்தனை காட்டெலிகள் வாழ்கின்றன என்று கணக்கெடுக்க, புது ஆசிரியனான என்னைத் துணைக்கு அழைத்திருந்தான்.

சிராங்கூன் சாலையில் காலை 6.15க்குப் பேருந்து. ஆறாவது மைல் நிறுத்தத்தில் வேறு பேருந்துக்கு மாற வேண்டும். மொத்தம் முப்பது காசு. பிறகு ஒரு மைல் சேற்றுப்பாதை. முதல் நாள் எங்கள் இருபது கம்பிக் கூண்டுகளைப் பார்த்த கண்டக்டர், “உள்ள ஒண்ணும் இல்லியே?” என்றார். “இப்ப இல்லண்ணே,” என்றான் சிவபாலன்.

சுட்ட தேங்காய் வைத்தோம். இரண்டாம் நாள் பன்னிரண்டு எலிகள். கையுறை போட்டு, வெள்ளைக் கழுத்தடியில் அடையாளமாகக் குங்குமம் வைத்து விட்டுவிட்டோம். யோசனை என்னுடையது. மூன்றாம் நாள் பதினொன்று. ஒன்றிலும் குங்குமம் இல்லை. இருபத்துமூன்று எலிகளா என்று பதறிய தோட்ட முதலாளி, ஞாயிற்றுக்கிழமை விஷம் வைக்கச் சொல்லிவிட்டார். முனியாண்டியின் முப்பது கோழிகள் மேய்வதும் அதே தோட்டத்தில்தான்.

அப்போதுதான் முனியாண்டி அந்தக் கேள்வியைக் கேட்டார். மழையில் நனைந்த புல்லில் குங்குமம் எப்படி நிற்கும்? வருகைப் பதிவேட்டில் பெயரே எழுதாமல், இன்று நாற்பது, நாளை நாற்பது, ஆக எண்பது மாணவர்கள் என்று சொன்ன கதைதான்.

முனியாண்டியின் மனைவி மருதாணி அரைத்துத் தந்தார். பதினொன்றுக்கும் பூசி, காயும்வரை கூண்டிலேயே வைத்திருந்தோம். “எம் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு அரைக்கல,” என்றார் அவர்.

நான்காம் நாள் பன்னிரண்டு எலிகள். பத்தின் கழுத்து சிவந்திருந்தது.

“தேங்காய்க்காக அதே ஆளுங்கதான் தினமும் வர்றாங்க லா,” என்று சிரித்த முனியாண்டி, முதலாளியை அழைத்துவந்து மலாயில் விளக்கினார். முதலாளி ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்தார். பன்னிரண்டில் பத்து பூசியவை என்றால், பூசிய பதினொன்றும் மொத்தத்தில் அதே ஆறில் ஐந்து பங்குதான், ஆக பதின்மூன்று, பதினான்குக்கு மேல் இராது என்றான் சிவபாலன். விஷம் வேண்டாம், எலி ஏறாதபடி மரங்களைச் சுற்றித் தகரம் அடித்தால் போதும் என்று முடிவானது. முனியாண்டியிடமிருந்து எங்களுக்கு நான்கு முட்டைகள் கிடைத்தன. மூன்று வீடு வந்து சேர்ந்தன.

இன்று தெம்பனிஸுக்கு எம்ஆர்டி ரயிலிலேயே போகலாம், தென்னைகளைத் தேடாதீர்கள். எலிக்குக் கூண்டு வைப்பதானால் முதலில் அனுமதி வாங்குங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். எண்ணிப் பழக எலியே வேண்டும் என்பதில்லை. நாளைக் காலை உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழுள்ள பூனைகளை எண்ணி, ஒவ்வொன்றின் வாலையும் நிறத்தையும் எழுதிவையுங்கள். மறுநாள் புதிதாக வந்தவற்றை மட்டும் கணக்கில் கூட்டுங்கள்.