நான் அழித்த முகவரி

ஆபீஸ் விட்டு வண்டியை எடுக்கும்போது சிஸ்டர் போன் செய்தார். கன்னியர் மடத்தில் ஓய்வில் இருக்கிறார், காது சரியாகக் கேட்காது. அதனால் அவரே சத்தமாகப் பேசுவார்.

"கோயில் ஹாலை இடிச்சுக் கட்டப் போறாங்கம்மா. உன் கம்ப்யூட்டர் ஸ்டோர் ரூம்ல கெடக்கு. பழைய இரும்புக்குப் போடச் சொல்லவா, நீ எடுத்துக்கிறியா?"

"எடுத்துக்கிறேன் சிஸ்டர்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

என் கம்ப்யூட்டர் என்று சிஸ்டர் சொன்னது எனக்கு என்னவோ செய்தது. அது என்றைக்கும் என்னுடையது இல்லை. சுனாமிக்குப் பிறகு ஏழெட்டு மாதம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் வீடு காரைக்கால் பக்கம் கிளிஞ்சல்மேட்டில் இருந்தது. அன்றைக்கு நானும் அம்மாவும் திருநள்ளாறில் சித்தி வீட்டில் இருந்தோம். வலை பார்க்க வேண்டும் என்று அப்பா மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டார். மூன்றாம் நாள்தான் அப்பாவைக் கண்டெடுத்தார்கள். வீடு இருந்த இடத்தில் படிக்கட்டு மட்டும் இருந்தது. எனக்கு அப்போது இருபது வயது. அப்பா சேர்த்துவிட்ட கம்ப்யூட்டர் கோர்ஸை முடித்திருந்தேன். முகாமில் பேச்சே இல்லாமல் கிடந்த என்னை சிஸ்டர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மாதா கோயில் ஹாலின் மூலையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். அப்போதே அது பழையது. யாரோ தானமாகக் கொடுத்தது.

"சாமான் அனுப்புற ஒவ்வொருத்தருக்கும் நாம ஒரு வரி நன்றி எழுதணும். அட்ரஸ் எல்லாத்தையும் இதுல ஏத்திடு" என்றார்.

அதில் முகவரிக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. நீலத் திரை, வெள்ளை எழுத்து. பெயர், தெரு, ஊர், பின்கோடு. கொஞ்சம் கொஞ்சமாக அறுநூற்றுச் சொச்சம் முகவரிகள் ஏற்றினேன். சேலம், திண்டுக்கல், ஆம்பூர் என்று நான் பார்த்தே இராத ஊர்கள். அங்கேயெல்லாம் எங்களை நினைத்துத் துணி மடித்த ஆட்கள் இருக்கிறார்கள் என்பது தட்டத் தட்டத்தான் எனக்கு உறைத்தது. எனக்குப் பேச்சு திரும்பியது அந்த மூலையில்தான்.

ஒரு நாள் பழைய புடவைத் துணியில் தைத்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தேன். இரண்டு நைட்டி, உள்ளாடைகள், மாதவிலக்குக்கு வேண்டியவை, சீப்பு, ஊக்கு, ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய். மேலே நோட்டுத் தாளில் ஒரு கடிதம்.

"இதைப் பிரிக்கிற பொண்ணுக்கு. இதெல்லாம் வேணும்னு கேக்க உனக்குக் கூச்சமா இருக்கும். அதனால கேக்காமலே அனுப்புறேன். யாருக்கும் எடுத்து வைக்காதே, நீயே வச்சுக்கோ."

யாரோ கொடுத்த தொளதொள சுடிதாரை இரண்டு பக்கமும் ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டிருந்தேன் அப்போது. தாளை மடித்து வைத்துக்கொண்டு அழுதேன். அப்பா போனதற்குக்கூட அதுவரை அப்படி அழுததில்லை.

அந்த முகவரியை ஏற்றினேன். சாயங்காலம் வேறொன்றைத் திருத்தப் போய், தவறான கீயை அமுக்கிவிட்டேன். திரையில் அந்த வரி மறைந்துவிட்டது. முகவரி எழுதியிருந்த மேல்துணியைத் தேடினால், காலி அட்டைப்பெட்டிகளோடு அதுவும் குப்பை வண்டியில் போயிருந்தது. கடிதத்தில் முகவரி இல்லை. சிஸ்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. எல்லோருக்கும் நன்றிக் கடிதம் போனது. அந்த அம்மாவுக்கு மட்டும் போகவில்லை. இருபது வருஷமாக உள்ளே முள்ளாகவே இருந்தது.

கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை, என்னோடு வேலை பார்க்கும் தோழி போலகத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாள். விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள். நெல் மூட்டைக் கணக்கிலிருந்து பிள்ளைகளின் மார்க் வரை எல்லாவற்றுக்கும் ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி புரோகிராம் எழுதி வைத்திருப்பாள்.

ஸ்விட்சைப் போட்டதும் விசிறி இரைந்தது. நீலத் திரை வந்தது. கைதட்டினோம். ஆனால் அந்த சாஃப்ட்வேருக்குத் தெரிந்தது இரண்டே வேலை. ஒவ்வொன்றாகக் காட்டும், இல்லையென்றால் பிரிண்டரில் அடிக்கும். பிரிண்டர் எப்போதோ செத்துவிட்டது. மொத்தமாக வெளியே எடுக்க வழி வைக்கவில்லை.

"ஒவ்வொண்ணா பார்த்து நோட்டுல எழுதிடலாமா?" என்றேன்.

"எதுக்குக்கா? டிஸ்க்கைக் கழட்டி என் லேப்டாப்ல மாட்டுவோம். ஃபைல் கைக்கு வந்துட்டா ஸ்கிரிப்ட் எழுதி உருவிடலாம்."

கழற்றி மாட்டினாள். ஃபைல் கிடைத்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் சின்னங்களும் கலந்து ஒரே குப்பை. "எல்லாம் போச்சா?" என்றேன். அவள் சிரித்தாள்.

"பயப்படாதீங்க. அந்தக் காலத்துத் தமிழ் ஃபாண்ட் இப்படித்தான். ஆங்கில எழுத்து ஒவ்வொண்ணு மேலயும் ஒரு தமிழ் எழுத்தை வரைஞ்சு வச்சிருப்பாங்க. எந்த எழுத்துக்கு எதுன்னு நீங்க சொல்லுங்க, நான் ஸ்கிரிப்ட்ல போடுறேன்."

இருபது வருஷம் கழித்தும் என் விரலுக்கு அந்தக் கீபோர்டு மறக்கவில்லை. காற்றில் தட்டிப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அவள் அட்டவணை போட்டாள். முதல் தடவை ஓட்டியபோது கொம்பு வரும் ஊர்ப்பெயர்களிலெல்லாம் அது இடம் மாறிப் போயிருந்தது. சேலத்தில் கொம்பு தனியாக முன்னால் நிற்க, பின்னால் 'சலம்' வந்தது. பழைய ஃபாண்டில் கொம்பை முதலில் தட்டிவிட்டுத்தான் எழுத்தைத் தட்டுவோம், இப்போதைய கம்ப்யூட்டருக்கு அதை எழுத்துக்குப் பின்னால் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு நாலு வரி சேர்த்தாள். மறுபடி ஓட்டினாள். சேலம் சேலமாக வந்தது. திண்டுக்கல் வந்தது. ஆம்பூர் வந்தது. ஏதோ ரயிலில் உட்கார்ந்து ஸ்டேஷன் பெயர்களைப் பார்ப்பது போல இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அவளிடம் அந்தப் பார்சல் கதையைச் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, இந்த மாதிரி பழைய சாஃப்ட்வேர் எதையும் நிஜமா அழிக்காது. அழிக்கச் சொன்னா அந்த வரி முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி போட்டு, திரையில காட்டாம வச்சுக்கும். நான் இப்ப எடுத்தது நட்சத்திரம் இல்லாததை மட்டுந்தான்."

ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். ஒன்பது முகவரிகள் வந்தன. ஆறாவதில் உடுமலைப்பேட்டை என்று இருந்தது. தெருப் பெயரைப் படித்ததும் தெரிந்துவிட்டது. மைக் கறையும் ஈரமுமாக அந்த மேல்துணி அப்படியே கண்ணில் வந்தது. தோழியின் தோளில் சாய்ந்துவிட்டேன். "சரிக்கா, சரிக்கா" என்று அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாளே கடிதம் எழுதினேன். என்ன நடந்தது, ஏன் இத்தனை தாமதம், இப்போது நான் எப்படி இருக்கிறேன் எல்லாம். அடியில் போன் நம்பர். உயிரோடு இருப்பாரா, அதே வீட்டில் இருப்பாரா, ஒன்றும் தெரியாது.

மூன்று வாரம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"ஏனுங்க, காரைக்கால்ல இருந்து கடுதாசி போட்டது நீங்களா? நாங்க வீடு மாறிப் பல வருசமாச்சுங்க. அந்த வீட்டுல இருக்கறவங்க தேடிக் கொண்டாந்து குடுத்தாங்க."

"ஆமாம்மா, நான்தான்" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல கண்ணு. அப்ப எங்க தெருவுல எல்லாருந்தான் அனுப்பினோம். நானா அப்படியெல்லாம் எழுதினேன்?"

கடிதம் எனக்கு மனப்பாடம். சொன்னேன்.

"அப்ப எம்பொண்ணு ஹாஸ்டல்ல இருந்தா. அவளுக்கு வாங்கறப்ப உனக்கும் சேர்த்து வாங்கியிருப்பேன்னு நினைக்கறேன்" என்றார். அப்புறம், "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டார். நாற்பது வயதுக்காரியை, முகம் பார்க்காமல். அவருக்கு ஞாபகம் இல்லாதது எனக்குக் கொஞ்சமும் வருத்தமாக இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது என் வேலைதானே என்று தோன்றியது.

முழுப் பட்டியலையும் அச்சடித்து சிஸ்டரிடம் கொண்டுபோனேன். பழைய தப்பையும் சொன்னேன். "அதையா இத்தனை நாள் தூக்கிட்டுத் திரிஞ்சே?" என்று என் தலையில் கைவைத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஊராக விரல் வைத்துப் படித்தார். "எல்லாருக்கும் இன்னொரு தரம் எழுதலாம்மா. நாம நல்லா இருக்கோம்னு தெரியட்டும்" என்றார்.

இப்போது சனிக்கிழமைகளில் நானும் தோழியும் பத்துப் பத்துக் கார்டாக எழுதுகிறோம். நிறைய திரும்பி வருகின்றன. சிலவற்றுக்குப் பதில் வருகிறது. போன வாரம் ஆம்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் பேருக்கு ஒரு கடிதம் வந்ததைப் பார்த்து அம்மா ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார்கள். அவர் உங்களுக்குப் போர்வை அனுப்பிய விஷயமே எங்களுக்குத் தெரியாது."