நாலு மணி பஸ்

சிக்கந்தர் இறந்துவிட்டான் என்ற தந்தியை நான் பிரித்தபோது, அவன் வீட்டு அடுப்பில் அவனுக்காக உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஊரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த வாத்தியார் என்பதால் பள்ளிக்கூடத்திலிருந்து என்னை அழைத்திருந்தார்கள். அவனுடைய உம்மா அடுப்படி வாசலில் நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, "எந்தப் பஸ்ஸுக்கு வாரானாம் தம்பி?" என்று கேட்டார்.

தந்தியைக் கண்டு ஒரு தாய் சிரிப்பாளா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அந்தச் சிரிப்பைக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான் என்பது நம் தெருவுக்குத் தெரியும்.

பட்டாளத்தில் சேர்ந்த பிறகு முதல் லீவுக்கு வந்தபோது, 'நாளை வருகிறேன்' என்று ஒரு தந்தி கொடுத்திருந்தான். தந்தி என்றாலே சாவு என்றிருந்த ஊர் நம்முடையது. நான் அன்றைக்கென்று பார்த்து இராமநாதபுரம் போயிருந்தேன். உறையைப் பிரிக்கக்கூட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. பெரியவர் ஒருவர் "இன்னா லில்லாஹி" என்று சாவுக்கு ஓதுவதைத் தொடங்கிவைக்க, தெருவே அழுதது. மறுநாள் நாலு மணி பஸ்ஸில் நானும் அவனும் ஒன்றாகத்தான் வந்து இறங்கினோம். வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் பதறிப்போய், "யாரு மவுத்து மாமா?" என்று கேட்டான். "நீதாம்லே!" என்றார் அவன் மாமா. தலையிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகு உள்ளே போய் உம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டான். "இங்கன பாரும்மா, இனிமே தந்தி வந்தா அழப்படாது. நான் வாரேன்னு அர்த்தம். நீ உலையை மட்டும் வையி."

அவர் அப்படியே செய்தார். அடுத்த இரண்டு லீவுக்கும் தந்தி வந்ததும் உலை ஏறியது. எந்தப் பஸ் என்று தெரிந்துகொள்ள மட்டுமே என்னைக் கூப்பிட்டார்கள்.

சின்ன வயதிலிருந்தே சாப்பாட்டு ராமன் என்று அவனைக் கேலி செய்வேன். உயரத்தைக் கண்டால் அவனுக்குக் கதிகலங்கும். பனையில் பாதி ஏறி, இறங்கத் தெரியாமல் அழுதவன். சீனச் சண்டை தொடங்கிய பிறகு அவனிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. "ஏலே வாத்தி, என்னைய ஹெலிகாப்டர்ல ஏத்திட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டேன். தொறந்து பார்த்தா கீழ பூரா வெள்ளை வெளேர்னு நம்ம உப்பளம் மாதிரி பனி. பயம் போயிருச்சு." காயம்பட்டவர்களை அழைத்துவரப் போன அப்படியொரு ஹெலிகாப்டர்தான் அவனோடு மூடுபனியில் மலைமேல் மோதியது. அவனுக்கு இருபத்திரண்டு வயது.

அந்தச் செய்தி வந்த தந்தியைத்தான் அன்று இரண்டு முறை படித்தேன். உம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு மணி பஸ்ஸுக்கு உம்மா" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. அந்தப் பொய்க்காக என்னை நான் மன்னிக்கவும் இல்லை.

"அப்பச் சரி. மீன்காரி இன்னும் தெருவுலதான் இருப்பா" என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போனார்.

நான் அவன் மாமாவைத் தேடி ஓடினேன். பிறகு இருவருமாகப் பள்ளிவாசலுக்குப் போய் இமாமை அழைத்துக்கொண்டோம். யார் வாயைத் திறப்பது என்று தயங்கித் தயங்கியே மூன்றரை ஆகிவிட்டது. நாங்கள் மூவரும் சேர்ந்து வாசலில் நின்றதைப் பார்த்ததுமே உம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார். என் பக்கம் திரும்பி, "நாலு மணி பஸ்ஸுன்னு சொன்னியே தம்பி" என்றார். மறுபடி அடுப்பைப் பார்த்து, "அழப்படாதுன்னு சொல்லியிருக்கான்" என்றார். அதன் பிறகுதான் அழுதார்.

மவுத்தான வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரிவதில்லை. அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்றும் கொண்டுவந்தார்கள். ஆனால் உம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, அவனுக்காக ஆக்கிய சோற்றைப் போட்டு மீன் குழம்பை ஊற்றினார். "எம்புள்ள பசியோட போயிருப்பான். அவனுக்குப் பதிலா நீ தின்னு." ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்று முடித்தேன்.

அவனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். போய் நின்று பார்க்க நமக்கு இங்கே ஒரு கபுரு கூட இல்லை. அவன் எழுதிய கடிதத்தையும் உம்மாவிடமே கொடுத்துவிட்டேன். தந்தி வந்தால் 'நான் வாரேன்னு அர்த்தம்' என்று அவன் சொல்லிக்கொடுத்த அந்த ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. தந்திக்காரரின் சைக்கிள் மணி கேட்டால் தெரு இன்றும் நடுங்குகிறது, நானும் நடுங்குகிறேன். ஆனால் அந்த நடுக்கம் வருவதற்கு முன், நாலு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று என் கண் கடிகாரத்தைப் பார்த்துவிடுகிறது.