ஒரு கட்டையும் ஒன்றாம் விரலும்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பரீட்சை என்று எழுதியதில் பாஸானதாக ஞாபகம் இல்லை. அப்புறம் திருப்பூரில் பனியன் மடித்தேன், கோவாவில் ஓட்டலில் மாவாட்டினேன், லாரிக் கிளீனராக நாக்பூர் வரை போனேன். சோறு கிடைத்த ஊரில் கொஞ்ச நாள் கூட இருந்தேன், கிடைக்காத ஊரிலிருந்து சீக்கிரம் கிளம்பினேன். கடைசியாக மதுரையில் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவுக்கு வேன் ஓட்ட வந்தேன். கல்யாணம் ஆனது அப்போதுதான்.

குழு கலைந்தபோது ஒரு பழைய கீபோர்டு என் வண்டியிலேயே தங்கிவிட்டது. பரவை மார்க்கெட்டில் காய்கறி லோடு அடித்துவிட்டு வந்து, மத்தியானத்தில் அதைத் தட்டிக்கொண்டிருப்பேன். என் மனைவிதான் திருநகரில் கீபோர்டு வகுப்பு நடத்தும் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தாள். கல்லூரி முடித்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். நான் அவரை ‘மிஸ்’ என்பேன், அவர் என்னை ‘அண்ணே’ என்பார். கீபோர்டுக்குக் கிரேடு பரீட்சை என்று ஒன்று உண்டு, வயது வித்தியாசம் கிடையாது, யாரும் எழுதலாம் என்று முதல் நாளே சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி கையில் இருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்தாள்.

“எழுதுங்க. இதையாச்சும் பாஸ் பண்ணுங்க. பாதியில விட்டுட்டு எங்கிட்டாவது கிளம்புனீக, அந்தப் பெட்டியையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரணும்.”

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கச்சேரி மேடையில் சுதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். மிஸ் ‘ஸி’ என்று சொல்வது எங்களுக்கு ஒரு கட்டை. அடுத்த வெள்ளைக் கீ ரெண்டு கட்டை, அதற்கடுத்தது மூணு. “அண்ணே, அஞ்சு கட்டையில எடுங்க” என்று பாடகர் கத்தினால் கீபோர்டுக்காரர் விரல் எங்கே போகும் என்பது வேன் ஓட்டுகிற எனக்கும் தெரியும். அதனால், மிஸ் புத்தகத்தைத் திறந்து, கோடுகளில் ‘நோட்ஸ்’ என்று போட்டிருந்த புள்ளிகளுக்கு மேலே அச்சடித்திருந்த சின்ன எண்களைக் காட்டி, “ஒண்ணுன்னா கட்டை...” என்று ஆரம்பித்ததுமே எனக்குப் புரிந்துபோயிற்று. அவர் முடித்தது ‘விரல்’ என்று. அதை நான் காதில் வாங்கவில்லை.

அவர் சொன்னது எந்த விரலால் அடிக்க வேண்டும் என்பதை. கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. நான் எடுத்துக்கொண்டது எந்தக் கட்டையை அடிக்க வேண்டும் என்று. வினை என்னவென்றால், வலது கைக்கான ஆரம்பப் பாடங்களில் கட்டைவிரல் ஒரு கட்டையில்தான் இருக்கும். ஐந்து விரலும் ஐந்து கட்டையும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தும். நான் எண்ணைப் பார்த்து அடித்தேன், எல்லாம் சரியாக வந்தது. இடது கைக்கு அவர் விரலைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். “அம்புட்டு வேகமாப் படிக்கிறீங்கண்ணே” என்று பாராட்டிப் பரீட்சைக்கும் பெயர் கொடுத்துவிட்டார்.

பிறகு கையை வேறு இடத்தில் வைக்கும் பாட்டு வந்தது. கட்டைவிரல் ‘ஜி’யில் இருக்க வேண்டும். மேலே ஒன்று என்று போட்டிருந்தது. நான் ஒரு கட்டையை அடித்தேன்.

“அண்ணே, நோட்டைப் பாருங்க.”

“பாத்துத்தான் மிஸ் அடிக்கிறேன். ஒண்ணுன்னு போட்ருக்குல்ல.”

அவர் என் முகத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். “அப்ப இத்தன நாளா நீங்க நோட்ஸே படிக்கலையா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “இது நமக்குச் சரிப்படாது” என்றேன். எந்த ஊரை விட்டுக் கிளம்பும்போதும் நான் சொல்லும் வாக்கியம் அது. என் மனைவிக்கும் தெரியும். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பீரோவிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

“எந்த நம்பரு உங்களக் கெடுக்குது? காட்டுங்க.”

பரீட்சைப் பாட்டுகளில் இருந்த ஒவ்வொரு எண்ணின் மேலும் ஒரு பொட்டை ஒட்டினாள். எண்கள் மறைந்தன. இனிக் கோடுகளையும் புள்ளிகளையும் பார்ப்பதைத் தவிர எனக்கு வழி இல்லை. முதல் வாரம் ஒரு வரி வாசிக்கவே வியர்த்தது. லோடு ஏற்றிக் காய்த்த விரல் ஒரு நேரத்தில் இரண்டு கட்டையை அமுக்கும். விடாமல் வாசித்தேன், விடலாமென்றால் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பரீட்சை ஹாலுக்கு வெளியே முழுக்கச் சின்னப் பிள்ளைகளும் அம்மாக்களும். ஒரு அம்மா, “உங்க பாப்பா உள்ள போயிருச்சா சார்?” என்றார். “நான்தாங்க பாப்பா” என்றேன். அவர் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

பரீட்சை எடுக்க உள்ளே இருந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. என் புத்தகத்தைப் பார்த்தவர் சிவப்புப் பொட்டு ஒன்றை நகத்தால் தொட்டுவிட்டு, “டாட்டர்?” என்றார். “ஒய்ப், மேடம்” என்றேன். தலையாட்டினார். மூன்று பாட்டும் தேறிவிட்டது. அடுத்து, முன்பின் பார்க்காத ஒரு பாட்டை அந்த இடத்திலேயே வாசிக்க வேண்டும். அவர் கொடுத்த தாளில் பொட்டு இல்லை. முதல் புள்ளிக்கு மேலே ஒன்று என்று இருந்தது. கை தானாக ஒரு கட்டைக்குப் போய் இரண்டு அடி அடித்துவிட்டது. நிறுத்தினேன். புள்ளி எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பார்த்தேன். “சாரி மேடம்” என்று கையைத் தூக்கி ‘ஜி’யில் வைத்து முதலிலிருந்து வாசித்தேன்.

முடிவு மிஸ்ஸுக்குத்தான் வந்தது. நான் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். பாஸ் என்றார். பார்டரை ஒட்டிய பாஸ்தான். வண்டியை நேரே திருநகருக்கு விட்டு, வழியில் மனைவியையும் ஏற்றிக்கொண்டேன்.

மார்க்குத் தாளில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. மிஸ் படித்துச் சொன்னார்: “ஆரம்பத்துல தப்பான இடத்துக்குப் போயிட்டாராம். அப்புறம் அவரே பாத்து, சரியான இடத்துக்கு வந்து நின்னுட்டாராம்.”

என் மனைவி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏங்க மிஸ், இது கீபோர்டு வாசிச்சதுக்கு எழுதுனதா, இல்ல யாரும் இவுகளப் பத்தி அந்தம்மாகிட்டச் சொல்லிட்டாகளா?”

அப்படியே அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். தாளில் எழுதியிருந்ததைச் சொல்லிவிட்டு, “கவர்மெண்டு சீல் மாதிரியே சீல் வச்சிருக்கும்மா” என்று சேர்த்துக்கொண்டாள். அப்படி ஒரு சீலும் இல்லை.