பாம்பை மிதித்த ராஜகுமாரி

என் மகள் வரைந்த படத்தில் சாத்தான் ஒளிந்திருக்கிறான் என்று எங்கள் அன்பியத்து அக்கா கண்டுபிடித்தார். எனக்கு வாய் நீளம் என்று விவேக் நகரில் எங்கள் தெருவுக்கே தெரியும். இருந்தும் அன்று சண்டைக்குப் போகாமல் அவரை வீட்டுக்கே வரச் சொன்னேன்.

அன்பியம் என்றால், தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாராவாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வது. அதற்குத் தலைவி அந்த அக்கா. நல்ல மனுஷி, எனக்குப் பிரசவமானபோது பத்தியச் சாப்பாடு கொண்டுவந்தவர். ஆனால் கொஞ்ச நாளாக அவர் கைப்பேசிக்கு வீடியோக்கள் வந்துகொண்டிருந்தன. கார்ட்டூன்களிலும் குழந்தைக் கதைகளிலும் கெட்ட ஆவிகளின் ரகசியக் குறிகள் மறைந்திருக்கின்றனவாம். ஜெபம் முடிந்து டீ வந்தால் அந்தப் பேச்சுதான் ஓடும்.

பள்ளி விடுமுறையில் என் மகள், மீந்துபோன பெயின்ட்டை வைத்துக் கூடத்துச் சுவரில் ஒரு ராஜகுமாரியை வரைந்தாள். கார்ட்டூனில் பார்த்த கதை: கோபுரத்தில் அடைபட்ட ராஜகுமாரி, வாசலில் காவலுக்கு ஒரு பாம்பு. பெருமை தாங்காமல் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். அக்கா அதில் சிவப்பு வட்டங்கள் போட்டு அன்பியக் குழுவில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். தலையைச் சுற்றிய நட்சத்திரங்களுக்கு ஒரு வட்டம், காலடிப் பிறைக்கு ஒன்று, பாம்புக்குப் பெரிதாக ஒன்று. கூடவே குரல் பதிவு: "சனிக்கிழமை உங்க வீட்லதான் ஜெபம். அதுக்குள்ள வெள்ளை அடிச்சுடும்மா. இல்லாட்டி நாங்க வர்றது கஷ்டம்."

"அடிச்சுடலாம். நல்லது கெட்டதுக்கு அவங்கதான வரணும்," என்றார் என் கணவர். மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய்கூட உண்ணவில்லை. "நிஜமா அழிச்சுடுவீங்களாம்மா?"

அந்த வட்டங்களை இன்னொரு தடவை பார்த்தேன். நிமிர்ந்து, நாங்கள் ஜெபிக்கும் எங்கள் வீட்டுப் பீடத்தைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு சொட்டு வெள்ளை இந்தச் சுவத்துல படாது," என்றேன். அக்காவைக் கைப்பேசியில் கூப்பிட்டு, "நேர்ல வந்து பாருங்கக்கா. அப்பவும் வேணாம்னா அழிச்சுடறேன்," என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பாமல் பீடத்துக்கு நேரே உட்கார்ந்து ஜெபமாலையைத் தொடங்கினார். ஜெபமாலையின் இரண்டாம் பகுதியில் அவர் குரல் தடுமாறியது. பீடத்தில் மாதா சுரூபம். தலையைச் சுற்றி நட்சத்திரங்கள், காலடியில் பிறை, மிதிபட்டுக் கிடக்கும் பாம்பு. வாழ்நாளெல்லாம் கும்பிட்டு வந்த அடையாளங்களுக்கே அக்கா வட்டம் போட்டிருந்தார்.

டீ கொடுக்கும்போது மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். "ஏன் கண்ணு, ராஜகுமாரிய மாதா மாதிரி வரைஞ்ச?"

"கார்ட்டூன்ல ராஜகுமாரன் வந்துதான் பாம்பக் கொல்லுவான். அதுவரைக்கும் அவ அழுதுட்டே இருப்பா. மாதா யாருக்கும் காத்துட்டிருக்கலையே, அவங்களே மிதிச்சுட்டாங்க. அதான் இவளயும் கோபுரத்துலேருந்து கீழ எறக்கிப் பாம்ப மிதிக்க வச்சுட்டேன்."

நான் சொல்லிக்கொடுத்ததல்ல இது. கோவிலிலும் யாரும் சொன்னதில்லை. என் வயிற்றில் பிறந்தவள் என்று நெஞ்சு விம்மியது.

அக்கா எழுந்துபோய்ச் சுவரிலிருந்த ராஜகுமாரியின் காலைத் தொட்டுப் பார்த்தார். "அழிக்காதம்மா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம் பேத்தி ரூம்லயும் சுவரு காலியாத்தான் இருக்கு. இவள அனுப்பறியா?" என்றார்.

"அவளக் கேட்டுச் சொல்றேங்க்கா," என்றேன். அவ்வளவு சுலபமாக அனுப்பிவிட எனக்கு மனமில்லை.