ஒன்றரைச் சுற்று

ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை என்றால் எங்கள் ஊரில் இன்ஜினியர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மையில், லைனில் வரும் காருக்குள் தலையை நுழைத்து சீட்டுக்கு நான்கு போல்ட் முறுக்குவதுதான் என் வேலை. பச்சை விளக்கு எரியும்வரை கருவியை அழுத்த வேண்டும். எரியாவிட்டால் லைன் நிற்கும். சூப்பர்வைசர் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார். மூன்று வருடமாக இதைத் தவிர ஒரு மண்ணும் செய்ததில்லை.

தண்டலத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் ஓனர், மனைவி இறந்தபின் தனியாக இருந்தவர். மறதி ஆரம்பித்திருந்தது. அடுப்பை அணைக்க மறப்பார். "சாப்ட்டியா?" என்று ஐந்து நிமிடத்தில் மூன்று முறை கேட்பார். சென்னையிலிருந்த மகள் அவரைத் தன் ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போவதில் பிடிவாதமாக இருந்தார். கடைசியில் அப்பாவும் மகளும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தன் பழைய காரில் மகளை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஓட்டிப்போய் ஒழுங்காகத் திரும்பிவிட்டால், அவர் இங்கேயே இருக்கலாம். ஆனால் அந்தக் கார் ஆறு மாதமாகக் கிளம்பவில்லை.

"கார்புரேட்டர்ல அடப்பு கீது தம்பி. கார் கம்பெனில கீற, உனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா இன்னா?" என்றார் ஓனர்.

"நான் பாத்துக்கிடுதேன் ஐயா" என்றேன். கார்புரேட்டர் எங்கே இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. நாங்கள் செய்யும் கார்களில் அது கிடையாது.

சனிக்கிழமை செல்போனில் வீடியோ பார்த்துக் கழற்றினேன். சாப்பாட்டுத் தட்டில் பெட்ரோல் ஊற்றி, பித்தளைத் துண்டுகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். ஓனர் பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றிய வரிசை மாறாமல் அவற்றைத் துணியில் அடுக்கினார். ஒன்றைக்கூட மாற்றி வைக்கவில்லை.

கடைசியில் ஊசிமுனை ஸ்க்ரூ ஒன்று மிஞ்சியது. காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை வைப்பது அது. உள்ளே லேசாகத் தொட்டதும் நிறுத்தி, ஒன்றரைச் சுற்று பின்னால் திருப்பு என்றது வீடியோ. "மெதுவா தம்பி" என்று சொல்லிவிட்டு ஓனர் டீ போட எழுந்து போனார். என் கைக்கு மெதுவும் தெரியாது, பாதியில் நிறுத்தவும் தெரியாது. கடைசிவரை முறுக்கினேன். ஊசிமுனை ஒடிந்து துளைக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, அவர் கொண்டுவந்த டீயைக் குடித்தேன்.

மறுநாள் காலை மகள் வந்து காரில் உட்கார்ந்தார். ஓனர் வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, சாவியைத் திருகினார். இன்ஜின் உறுமி நின்றது. ஆறு தடவை அப்படியே.

"இதுல கடைசியா யாரு கை வெச்சது?" என்று மகள் கேட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. அந்த அம்மா முன்னால் என் இன்ஜினியர் பட்டம் போய்விடுமே என்ற பயம்தான். வேறெந்த நல்ல காரணமும் இல்லை.

"நான் நேத்தே சரியா மாட்டிட்டேன் அக்கா. ஐயாதான் மறதில எதையோ திருகிட்டாருன்னு நெனைக்கேன்."

ஓனர் தன் கைகளைப் பார்த்தார். திருகியது ஞாபகம் வருகிறதா என்று தேடினார். வரவில்லை. வராததாலேயே அதை நம்பிவிட்டார்.

மகள் சாவியை உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குள் இரண்டு பெட்டி கட்டியாகிவிட்டது. வாடகை டாக்சியில் ஏறும் முன் ஓனர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாள் பூரா கஸ்டப்பட்ட. நான்தான் கெட்த்துட்டேன். மனசுல வெச்சுக்காத தம்பி."

"பரவாயில்ல ஐயா" என்றேன்.