கை வீசி நடந்து போட்ட கோடு

சென்ற ஞாயிற்றுக்கிழமை பச்சைமலைக்குப் போயிருந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. புத்தூரில் என் அடுத்த வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ், ரோடு போடும் இலாகாவில் இன்ஜினீயர். மலைக் கிராமம் ஒன்றுக்கு முதன்முதலாக பஸ் போக ரோடு வருகிறது. பிளான் வரைந்தவர் அவர். திங்கட்கிழமை அதை ஆபீஸில் கொடுத்தாக வேண்டும். கடைசியாக ஒருமுறை நடந்து பார்க்கக் கிளம்பியவர், "சும்மாதானே இருக்கீங்க, வாங்க சார்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

பத்தி எழுதுகிறவன் சும்மா இருக்கிறான் என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

பிளானில் ரோடு அடிவாரத்திலிருந்து ஊருக்குக் கிட்டத்தட்ட நேர்கோடு. "நீளம் குறைஞ்சா செலவு குறையும் சார். பஸ்ஸுக்கு டீசலும் மிச்சம், புகையும் கம்மி" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அந்த வழியாகவே ஏறினோம். மூச்சு வாங்கியது... ஆனாலும் சீக்கிரமே மேலே போய்விட்டோம்.

ஊர் எல்லையில் உட்கார்ந்திருந்தபோது, வளைந்து வளைந்து வரும் வேறொரு ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் அரிசி மூட்டை. சந்தையிலிருந்து வருகிறாராம்.

"ஏம்மா, நேர் வழி இருக்கே, ஏன் சுத்திக்கிட்டு வரீங்க?" என்று கேட்டார் ஆரோக்கியராஜ்.

"வெறுங்கையா வந்தா நாங்களும் அதுலதாங்க வருவோம். சொமையோட ஏற முடியுங்களா?" மூட்டையை இறக்கிவிட்டு, "ரோடு எதுல வருதுங்க?" என்றார்.

நேர் வழியைக் காட்டினார் இவர்.

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "ஆளும் மூட்டையும் ஏத்திக்கிட்டு பஸ்ஸு இதுல ஏறாதுங்க. நாலு நாள் வரும், அப்புறம் நிறுத்திடுவாங்க. நாங்க மறுபடி தலையிலதான் தூக்கணும்."

ஆரோக்கியராஜ் நோட்டை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வந்த பாதையிலேயே இறங்கினார். பின்னாலேயே நானும். வழியில் வெடி வைக்க வேண்டிய பாறை ஒன்றுகூட இல்லை. மண்ணை அதிகம் வெட்டவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம்.

"நீளம் கூடத்தான் சார். ஆனா போடுற செலவு கம்மி. என் கோட்டுல போனா, பாரத்தோட வர்ற பஸ் மேல வர்ற வரைக்கும் ஃபர்ஸ்ட் கியர்ல கரும்புகை கக்கும்" என்றார். முகம் வாடியிருந்தது. மேலதிகாரி ஏற்கெனவே பாராட்டிய பிளான். தப்பு என்று இவரே போய்ச் சொல்ல வேண்டும்... எத்தனை பேர் சொல்வார்கள்?

இவர் சொன்னார். திங்கட்கிழமை மாலை கேட் அருகே நிறுத்தி, "நல்லா திட்டு விழுந்துச்சு சார். ஆனா மாத்தச் சொல்லிட்டாங்க" என்றார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கையை வீசிக்கொண்டு நடப்பவர்கள் சுமப்பவர்களைக் கேட்காமல் கோடு போடக் கூடாது என்று அவருக்கு நீளமாக ஒரு பிரசங்கமும் செய்தேன்.

செய்துவிட்டு உள்ளே போனால், மாடிக்குத் தண்ணீர்க் குடத்துடன் ஏறிக்கொண்டிருந்தாள் என் மனைவி. பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

'படி செங்குத்தாக இருக்கட்டும், இடம் மிச்சம், செலவும் மிச்சம்' என்று கொத்தனாரிடம் சொன்னவன் அடியேன்தான்.