தண்ணீரில் எழுந்த கோடு

அந்த ஆய்வகத்தில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. கணக்கிலிருந்து நீக்கிய மாதிரியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நீக்கியவர் காரணத்தை ஒரே வரியில் எழுதுவார். மற்றவர்கள் அதை நம்பியதாகக் காட்டிக்கொள்வார்கள். இனிச் சொல்லப்போவது கட்டுக்கதை அன்று. நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

அவள் பித்தநாளப் புற்றுநோயை ஆராய்பவள். நாற்பது நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த திசுக்களில் ஒரு மரபணுவின் வெளிப்பாட்டை அளந்தாள். முப்பத்தொன்பதில் அது தலைவிரித்தாடியது. 'ஒருவரையும் தவறவிடாத அடையாளம்' என்ற சொற்றொடரே அவள் கட்டுரையின் உயிர். பதினேழாம் மாதிரி மட்டும் நலமான திசுவைப் போல அடங்கிக் கிடந்தது.

'திசு சிதைந்தது' என்று எழுதி அதை நீக்கினாள். சிதையவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

கட்டுரையை அனுப்ப ஒருநாள் இருக்கையில் கடைசிச் சரிபார்ப்பு. கருவியில் மாதிரிகளோடு ஒரு குழியில் வெறும் தண்ணீரும் விடுவது வழக்கம். தண்ணீரில் மரபணு ஏது? திரையில் அதன் கோடு தரையோடு கிடக்க வேண்டும்.

பிற்பகல் 3.25. தண்ணீரின் கோடு எழுந்தது.

டெக்னீஷியன் எட்டிப் பார்த்தார். "என்ன விஞ்ஞானி, தண்ணிக்கே கேன்சரா?"

"ஏதோ கலந்திருக்கும்ணே."

"அப்ப மறுபடி போடும்மா. நான் டீக்குப் போறேன்."

புதிய தண்ணீர். புதிய கையுறை. வேறு தட்டு. 4.50க்கு மீண்டும் எழுந்தது. கருவி காட்டிய அளவு 31.4. பதினேழாம் மாதிரியின் அளவும் 31.4.

அப்போதுதான் கேட்டது.

சர்... சர்... சர்...

மாதிரிகளை வைக்கும் உறைபெட்டிப் பக்கமிருந்து. யாரோ உடம்பைச் சொரிந்துகொள்வதுபோல. ஆனால் நகம் படும் ஒலி அன்று. தோலில் துணி உரசும் ஒலி.

திறந்தாள். நின்றது.

மூடினாள்.

சர்...

அவளுக்கு முதலில் வந்தது பயம் அன்று, வெட்கம். களவின்போது பிடிபட்டவளின் வெட்கம். காது மடல்கள் எரிந்தன.

மறுநாள் காலை பதினேழாம் மாதிரிக்குரிய அறுவைச் சிகிச்சைத் தேதியை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். சிஸ்டர் பதிவேட்டைப் புரட்டினார்.

"இந்த அம்மாவா... போன மாசமே போயிட்டாங்க. மஞ்சள் காமாலை ஏறி ஒரே அரிப்பு. சொரிஞ்சு சொரிஞ்சு ரத்தம்."

"நகத்தாலயா சிஸ்டர்?"

"நகத்தைத்தான் ஒட்ட வெட்டிட்டோமே. ரெண்டு கையையும் துணியில சுத்திக் கட்டிவெச்சோம். கடைசிவரைக்கும் அந்தத் துணியாலேயே தேய்ச்சுக்கிட்டிருந்தாங்க..."

சிஸ்டர் பதிவேட்டை மூடினார்.

"என்கிட்ட எடுத்த துண்டு யாருக்காவது உதவுச்சான்னு கேட்டுட்டே இருப்பாங்க. உதவுச்சுன்னு சொல்லிவெச்சேன். தப்பாம்மா?"

11.00. ஆய்வகக் கூட்டம். "அப்ப அனுப்பிடலாமா?" என்றார் அவளுடைய ஆய்வு வழிகாட்டி.

சர்...

மேசைக்கு அடியில்.

டெக்னீஷியனின் டீக்கோப்பை பாதி வழியில் நின்றது. வழிகாட்டியின் பேனா நின்றது. ஆனால் ஒருவரும் நிமிரவில்லை. எல்லோரும் அவரவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒலிக்கு நெடுநாள் பழகியவர்களைப் போல.

சர்... சர்...

அவள் எழுந்தாள்.

"பதினேழு சிதையல சார். நான்தான் எடுத்துப்போட்டேன்."